இரண்டு கால்வாய்களுக்கு நடுவே

வெள்ளானூரைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டி எனக்கு ஒதுக்கியிருந்த பகுதியின் கடைசி வீட்டுக் கதவில் கணக்கெடுப்பு எண்ணை எழுதிவிட்டு மார்க்கரை மூடினேன். அன்று நான்காம் நாள். உச்சி வெயில். இனி வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உட்காரலாம் என்றிருந்தது.

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் முதல் சுற்றுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஐந்து பேரை அனுப்பியிருந்தார்கள். முதல் சுற்றில் வீடுகளைத்தான் பட்டியலிட வேண்டும். சுவர் எதனால் ஆனது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை இருக்கிறதா, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கைபேசியில் பதிய வேண்டும். அதற்கு முன்னால் நம் பகுதியின் வரைபடத்தையும் போட வேண்டும். மற்ற நான்கு பேருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கிடைத்தன. லிஃப்டில் ஏறி இறங்கினால் வேலை முடிந்தது. எனக்குக் கிடைத்தது பாதி பழைய ஊர், பாதி புதிய மனைப்பிரிவு.

தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போது அந்தக் குரல் கேட்டது.

“டீச்சர்! எங்க ஊட்டுக்கு எப்ப வருவீங்க?”

எதிரே, என் தாளில் கால்வாய் என்று குறித்திருந்த, சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பள்ளம். அதற்கு அந்தப் பக்கம் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை என்று பிறகு தெரிந்தது. இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பக்கத்துக்கு வேற சார் வருவாரும்மா. என் எல்லை இந்தக் கால்வாயோட முடிஞ்சிடுது.”

“அந்த சாரு நேத்தே வந்துட்டுப் பூட்டாரு. ‘என் எல்லை அந்தக் கால்வாயோட முடிஞ்சிது, இங்க ஒரு டீச்சர் வருவாங்க’ன்னாரு. நீங்கதான அந்த டீச்சர்?”

பள்ளத்தில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினேன். முள் சேலையை இழுத்தது. மேலே ஏறிப் பார்த்தால், ஒரு மண் பாதையின் இரண்டு பக்கமும் வீடுகள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, செங்கல் சுவர், சிலவற்றில் தளம் போட்டு மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு சிறு கோயில், ஒரு அடிபம்பு, ஒரு மளிகைக் கடை. அந்தப் பாதையின் கடைசியில் இன்னொரு கால்வாய், சிமெண்ட் போட்டது, புதியது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஏரியின் கலங்கலில் வழியும் தண்ணீர் முன்பு நான் ஏறி வந்த பள்ளத்தில்தான் ஓடியிருக்கிறது. வயல்கள் மனைகளானபோது அதைப் பாதி தூர்த்துவிட்டுக் கிழக்கே தள்ளிப் புதிதாக ஒன்றை வெட்டிவிட்டார்கள். என் தாளில் “கிழக்கு எல்லை: கால்வாய்” என்று இருந்தது. முந்தின நாள் வந்துபோன ஆசிரியரின் தாளில் “மேற்கு எல்லை: கால்வாய்” என்று இருந்திருக்கும். எனக்குப் பழைய கால்வாய், அவருக்குப் புதிய கால்வாய். நடுவில் இருந்தவர்கள் இரண்டு தாளிலும் இல்லை.

அந்த ஆசிரியருக்கு அங்கேயே நின்று போன் செய்தேன். நல்ல மனிதர்தான். “மேடம், எனக்குக் கொடுத்திருக்கிற கோடு சிமெண்ட் கால்வாய் மேலேயே போகுது. அதைத் தாண்டி நான் பதிஞ்சா செயலி ஏத்துக்க மாட்டேங்குது. நீங்க மேல சொல்லிப் பாருங்க” என்றார்.

எங்கள் மேற்பார்வையாளர் இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர். அவரிடம் சொன்னேன்.

“மேப்ல இல்லாததை நாம எப்படி டீச்சர் எடுக்க முடியும்?”

“சார், மேப்ல இல்லை. தரையில இருக்காங்களே.”

“போன தடவையும் இப்படித்தானே இருந்திருக்கும்? யாராவது கேட்டாங்களா? உங்க பகுதியை முடிச்சீங்களா, அனுப்பினீங்களான்னு இருங்க. மூணு நாலு நாள்தான் இருக்கு.”

அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் தலையில் ஆறு பேருடைய வேலை. ஆனால் “யாராவது கேட்டாங்களா” என்ற வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காரணம் உண்டு.

நான் பிறந்து வளர்ந்தது ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா தென்காசிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். அங்கே ஒவ்வொரு கதவுக்கும் மஞ்சள் பெயிண்டில் எண் உண்டு. சாலைக்கு எண், வரிசைக்கு எண், தண்ணீர்த் தொட்டிக்குக்கூட எண். ஊரிலிருக்கும் சித்தப்பா கடிதத்தில் எங்கள் எண்ணை மட்டும் எழுதினால் போதும், வந்து சேரும். அப்பா ஓய்வு பெற்றதும் அந்த வீட்டைக் காலி செய்து பாரிவாக்கம் பக்கம் ஒரு மனையில் வீடு கட்டிப் போனோம். சுற்றிலும் வெறும் மனைக் கற்கள். தெருவுக்குப் பெயர் கிடையாது. “பெரிய கிணற்றுக்கு எதிரில்” என்பதுதான் முகவரி. கிணற்றையும் ஒருநாள் மூடிவிட்டார்கள்.

அந்த வருடம்தான் ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. வந்தது எனக்குத் தெரியாது. கூடப் படித்தவள் போய் வந்து சொன்னபோதுதான் அந்த அலுவலகத்துக்கு ஓடினேன். “முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை” என்று எழுதி உறை திரும்பி வந்திருந்தது. அடுத்த அழைப்புக்கு மூன்று வருடம் காத்திருந்தேன். அந்த மூன்று வருடமும் டியூஷன் எடுத்தேன், தையல் வேலை செய்தேன், யாரிடமும் பேசாமல் இருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துத் தானும் சாப்பிடாமல் இருப்பாள்.

அதனால் விடக்கூடாது என்று முடிவு செய்தேன். மேப்பில் இல்லை என்பதுதானே குறை? மேப்பைப் போட்டுவிட்டால்?

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே ஒரு அட்டை, நான்கு பெரிய தாள், பென்சில், ஸ்கேல் எடுத்துக்கொண்டு ஆவடியில் பஸ் ஏறினேன். வீட்டுக்காரர், “லீவு நாள்ல சம்பளமில்லாத வேலை” என்றார். ஆனால் தொப்பியை எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

அந்தப் பெண்ணுக்கு அன்று விடுமுறை. என்னைப் பார்த்ததும், “மெய்யாலுமே வந்துட்டீங்களா!” என்று சிரித்தாள். அவள் வீட்டு நூற்கண்டிலிருந்து ஒரு நீளமான நூலைப் பிடித்துக்கொண்டு அளக்கலாமா என்று யோசித்தோம். காற்றில் நூல் நிற்கவில்லை. கடைசியில் காலடிதான் கை கொடுத்தது. நான் எண்ணிக்கொண்டே நடப்பேன். அவள் நூறு வந்ததும் ஒரு செங்கல்லை வைப்பாள். வடக்கே ஏரிக்கரையிலிருந்து தெற்கே தார்ச்சாலை வரை அப்படியே நடந்தோம். இடம் வடக்கே குறுகி, தெற்கே போகப் போக அகன்றது. வாழையிலையை நுனியிலிருந்து பார்ப்பதுபோல. இடையில் எந்த வீட்டின் பின்பக்கம் மழைநீர் நிற்கும், எந்தச் சந்து அடைபட்டது என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

“எங்க அப்பா அம்மா எல்லாம் இந்த வயல்லதான் நாத்து நட்டாங்க டீச்சர். வயலு வித்ததும், ‘கரை மேட்டுல குந்திக்கோ’ன்னு சொன்னாங்களாம். அப்பத்துலேர்ந்து இங்கயே கீறோம். இப்ப யாரும் வயலுக்குப் போறதில்ல. எஸ்டேட்டு, கால் டாக்சி, பிளாட்டுல ஊட்டு வேல, அவ்ளோதான்.”

அடிபம்பின் நிழலில் சற்று உட்கார்ந்தோம். அமெரிக்காவில் இருக்கிற என் தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தது. அவன் நியூயார்க் மாதிரி ஊரில் இல்லை. சோள வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர்; அங்கிருக்கும் மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. ஒரே பெரிய தெரு, ஒரு ரயில் பாதை, தானியம் சேர்த்து வைக்கிற உயரமான உருளைகள், ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி. பத்து நிமிடம் நடந்தால் ஊர் முடிந்து வயல் வந்துவிடும் என்பான். ஊரின் மொத்த ஜனமும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைவிடக் குறைவு. ஊருக்குள் நுழைகிற இடத்தில் பச்சைப் பலகை ஒன்றில் ஊர்ப் பெயரும், அதற்குக் கீழே எத்தனை பேர் என்ற எண்ணும் இருக்கும். போனில் அந்தப் படத்தை அவளுக்குக் காட்டினேன்.

அவள் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “ஊரு வாசல்லயே எத்தினி பேருன்னு எழுதி வெச்சிக்கினு கீறாங்களா! அப்ப ஒரு கொழந்த பொறந்தா பலகைய மாத்துவாங்களா?”

“இல்லம்மா. பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான். என் தம்பி அதுக்கப்புறம்தான் அங்க போனான். அவனும் அவன் பொண்டாட்டியும் பிள்ளையும் அந்தப் பலகையில இன்னும் சேரலை.”

“அப்ப உங்க தம்பியும் எங்க கேசுதான்” என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து படத்தைச் சுத்தமாக வரைந்தேன். இரண்டு கால்வாய்களையும் நீல மையில் போட்டேன். வீடுகளைச் சிறு சதுரங்களாக, ஒவ்வொன்றாக.

திங்கட்கிழமை காலை கணக்கெடுப்புக்குப் பொறுப்பான அலுவலரின் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்குப் பார்க்கலாம் என்றார்கள். ஒரு மணி ஆயிற்று. சாப்பாட்டு நேரம் முடியட்டும் என்றார்கள். நான் எழுந்து போகவில்லை. மேற்பார்வையாளர் ஏதோ வேலையாக வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

“சொன்னா கேக்க மாட்டீங்களா டீச்சர்?”

“நீங்க சொன்னதை ஆபீசர் எழுதிக் கொடுத்தா கேட்டுக்கறேன் சார். ‘இவங்களை எடுக்க வேண்டாம்’னு ஒரு வரி.”

அதற்குள் என்னைக் கூப்பிட்டார்கள். அவரும் என்னோடு உள்ளே வந்தார்.

அலுவலர் என் வயதுக்காரர். மேஜையில் இரண்டு போன்களும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. படத்தை விரித்து வைத்தேன். முதலில் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். பிறகு மறுபடி இழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“இதை யார் போட்டது?”

“நான்தான் சார்.”

“அளவு?”

“காலடிக் கணக்கு. சர்வே அளவு இல்ல. ஆனா ஒரு வீடும் விடலை.”

பக்கத்துப் பகுதி ஆசிரியரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார். அவரும், “மேடம் சொல்றது சரிதான் சார், நானும் பார்த்தேன்” என்றார். அலுவலர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தார்.

“செயலியில உங்க பகுதியோடவே சேர்த்துத் திறந்துவிடச் சொல்றேன். ஆனா வேற ஆள் தர முடியாது. மூணு நாள்தான் இருக்கு. முடியுமா?”

“முடியும் சார்.”

முடியுமா என்று எனக்கே தெரியாது.

முதல் நாள் பாதி வீடுகள் ஒரு தடையுமில்லாமல் போயின. அந்தப் பெண் ஷிஃப்டுக்குப் போகும்வரை கூடவே வந்து, கதவைத் தட்டி, “டீச்சர் வந்துகீறாங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கதை அளக்காத” என்று சொல்லிக்கொண்டே போனாள். இரண்டாம் நாள் மளிகைக் கடைக்காரர் மறித்தார். அறுபதை நெருங்கியவர், பாரம் ஏற்றி இறக்கிய தோள். கதவில் எழுதப் போன என் கையைப் பார்த்தபடி கேட்டார்.

“நம்பரு போட்டுக்கினு போவீங்க. அப்பறம் நோட்டீஸ் வரும். அப்பறம் இடிக்க மிசின் வரும். எங்களுக்குத் தெரியாதா? இத்தினி வருசம் எவனும் எண்ணாததாலதான் நாங்க இங்க கீறோம்.”

நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஏற்கெனவே பதிவு கொடுத்த ஒரு பெண், “அப்ப என் பேரை அழிச்சிடுங்க” என்றாள். இடிக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் தீர்மானித்தேன்.

“ஐயா, நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய். ஆனா ஒண்ணு தெரியும். நீங்க என்கிட்ட சொல்றதை நான் வேற யாருக்கும் காட்டக் கூடாது, காட்டினா எனக்குத்தான் தண்டனை. அது சட்டம். இத்தனை பேர் இங்க இருக்காங்கங்கறது மட்டும்தான் வெளியே தெரியும்.”

அதற்குள் அந்தப் பெண் முன்னால் வந்தாள். “மாமா, போன மழை வெள்ளத்துல போட்டு வந்துச்சே, நெனப்பு கீதா? கால்வாய்க்கு அந்தாண்ட வரைக்கும் சோத்துப் பொட்டலம் குடுத்துட்டுத் திரும்பிச்சு. ‘லிஸ்ட்ல இதோட முடிஞ்சிச்சு’ன்னான். உன் கடைல கீற பன்னத்தான அன்னிக்குப் பூரா பிச்சிப் பிச்சித் துன்னோம்? மிசின்ல வர்றவன் லிஸ்ட்டு பாத்தா வருவான்? சோறு குடுக்கறவன்தான் லிஸ்ட்டு பாப்பான்.”

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். அழிக்கச் சொன்னவள் மறுபடி அதைக் கேட்கவில்லை. நான் அடுத்த கதவுக்குப் போனேன்.

கடைக்காரரின் வீட்டை மூன்றாம் நாள் காலை எடுத்தேன். அவர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கதவைப் பிடித்தபடி அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

“எத்தனை பேர்மா இருக்கீங்க?”

“மூணு பேரு.”

“நாலு” என்றது முதுகு. “பெரியவன வுட்டுட்டியே. ஐயப்பன்தாங்கல்ல ரூம் எடுத்துத் தங்கிக்கினு கீறான், பஸ் டிப்போ பக்கம். அவனையும் சேத்துக்கோ.”

“ஐயா, இங்க தங்கி இருக்கிறவங்களைத்தான் சேர்க்கணும். அவரை அங்கேயே எடுத்துருப்பாங்க.”

அவர் திரும்பினார். முந்தின நாள் என்னைத் தடுத்தபோதுகூட அவ்வளவு கோபம் அந்த முகத்தில் இல்லை.

“இன்னாம்மா அநியாயமா கீது? எம் புள்ள இந்த ஊட்ல பொறந்தவன். நீ அவன எண்ண மாட்டேன்றியே. அங்க எவனாவது வுட்டுட்டான்னா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது. “போன் போட்டுக் கேளுங்க ஐயா. எடுக்கலைன்னா நான் அந்தப் பகுதி ஆளைப் பிடிச்சுச் சொல்றேன்” என்றேன். அங்கேயே போன் போட்டார். மகன் ஏதோ பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே, “போன வாரமே வந்து எழுதிக்கினு பூட்டாங்கப்பா” என்று கத்தியது எனக்கே கேட்டது. கடைக்காரர் போனைப் பையில் போட்டார். பிறகு கதவைக் காட்டி, “எழுதிக்கோ. நல்லாப் பெருசா எழுது” என்றார்.

அன்று மதியம் மேற்பார்வையாளர் குடையோடு வந்தார். சரிபார்ப்பு என்றார். முள்ளில் பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு பள்ளத்தைக் கடந்து, என் படத்தைக் கையில் வைத்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு போனார். கோயிலுக்குப் பின்னால், வடக்கத்தித் தொழிலாளர்கள் நான்கு பேர் தங்கியிருந்த ஒரு தகர அறையை நான் படத்தில் விட்டிருந்தேன். அவர்தான் கண்டுபிடித்தார். “ஒரு வீடும் விடலைன்னீங்களே டீச்சர்?” என்றார். அவருக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் அவரே கேள்விகளைக் கேட்டுச் சொல்ல, நான் பதிந்தேன்.

கடைசியாக அந்தப் பெண்ணின் வீடு. மற்றவர்களுடையது முடியட்டும் என்று அவளே தள்ளிப் போட்டிருந்தாள். ஒற்றை அறை. அவள், ஆறாவது படிக்கிற மகள், மாமியார். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

“குடும்பத் தலைவர் யாரும்மா?”

உள்ளே கட்டிலில் இருந்த மாமியார் மகனின் பெயரைச் சொன்னார். அவள் உடனே மறித்தாள்.

“இல்ல டீச்சர். நாந்தான். என் பேரப் போடுங்க.” மாமியார் பக்கம் திரும்பினாள். “அத்த, உன் புள்ள பூட்டு நாலு வருசம் ஆவுது. எங்க கீறாருன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த ஊட்ட யாரு பாக்கறா?”

மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நான் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவசரமாக எதையாவது அழுத்திவிடக் கூடாது என்று தோன்றியது. பிறகு அந்த அம்மாள் சொன்னார்.

“அவ பேரையே போடும்மா. ரேசன் கார்டுலதான் அவன் கீறான். ஊட்ல இல்ல.”

அவள் பெயரைப் பதிந்தேன். எழுத்துக்கூட்டிச் சொன்னாள். இனிஷியலுக்குத் தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. ஏரிக்கரை மேல் ஏறி நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு பதிவாக மெதுவாகப் போயிற்று. எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று வந்தபோது மாலை வெயில் தணிந்திருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. அன்று இரவு ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தவள் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

எத்தனை வீடு, எத்தனை பேர் என்பதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அந்த இடத்துக்கு இன்னும் தார்ச்சாலை வரவில்லை. தெருவிளக்கு வரவில்லை. மிசினும் வரவில்லை. அடுத்த சுற்றில் ஆட்களை ஒவ்வொருவராக எண்ண வேண்டும், பெயர், வயது, படிப்பு எல்லாமாக. யாருக்கு எந்தப் பகுதி விருப்பம் என்று கேட்டுப் பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்தது. மற்றவர்கள் அடுக்குமாடிகளைக் கேட்டார்கள். நான் ஏரிக்கரைப் பகுதியைக் கேட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். செருப்பு மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.